ராக் பாடல்களும் கன்ட்ரி குரல்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் ‘சிம்பிள் ட்ரீம்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கட்டுரை பிடித்திருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

இருபத்தைந்து வருடமாக ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ், லெட் செப்பலின் என்று கேட்டு வருகிறவன் நான். இந்தப் பாடல்களை, அமெரிக்கக் கிராமிய மரபில் பாடும் கன்ட்ரிக்காரர்கள் எடுத்துப் பாடும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பாட்டில் இருந்த வேகத்தையும் திமிரையும் எடுத்துவிட்டு, அழுகிற கிட்டார் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். தொப்பியும் பூட்ஸும் மாட்டிவிட்டால் பாட்டு அவர்களுடையது ஆகிவிடுமா? சொந்தமாக எழுத வராதவர்கள் செய்கிற வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்கள் அவ்வளவு பாராட்டுகிற ரான்ஸ்டாட்கூடப் பெரும்பாலும் பிறர் எழுதியதைத்தானே பாடினார்?

ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் பாடல்களைக் கன்ட்ரி பாடகர்கள் பாடிய ‘காமன் த்ரெட்’ தொகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் ‘ஹர்ட்’டைக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடியது ஒன்றுதான் விதிவிலக்கு. இதற்கெல்லாம் முதலில் பாடியவர்களிடம் அனுமதி கேட்பார்களா என்பதும் ஒரு சந்தேகம்.

நான் நினைப்பது தப்பென்றால், எந்தப் பாட்டிலிருந்து திரும்பக் கேட்க ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘காமன் த்ரெட்’ விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1993இல் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது, அடுத்த வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த ஆல்பம் விருதையும் வாங்கியது. ஆனாலும் அதில் பல பாடல்கள் மூலத்தை ஒட்டியே போகின்றன. டிராவிஸ் டிரிட் பாடும் ‘டேக் இட் ஈஸி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகிள்ஸ் அதை 1972இல் பாடியபோதே அது முக்கால்வாசி கன்ட்ரி. அதில் பேஞ்சோ என்ற கம்பி வாத்தியம் வாசித்த பெர்னி லெடன், ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற கன்ட்ரி ராக் குழுவிலிருந்து வந்தவர். ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிற ஆளை வாசலில் நின்று வரவேற்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது அந்தப் பதிவு. அதனால் விளைந்த நன்மை வேறு. அந்தப் பாட்டின் வீடியோவுக்காக, 1980இல் பிரிந்த ஈகிள்ஸ்காரர்கள் மறுபடி ஓரிடத்தில் கூடினார்கள். மறு வருடம் குழுவே சேர்ந்துவிட்டது. அதே தொகுப்பில் பாடிய வின்ஸ் கில், ஈகிள்ஸின் கிளென் ஃப்ரை இறந்தபின் 2017இல் அந்தக் குழுவிலேயே சேர்ந்தார். நீங்கள் பாதியில் நிறுத்தியதில் தப்பில்லை.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு எழுதியவரின் சம்மதத்தோடு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவுசெய்யலாம். சட்டம் நிர்ணயித்த தொகையை எழுதியவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மெட்டின் அடிப்படையை மாற்றக்கூடாது. தானாக வாசிக்கும் பியானோக்களுக்குக் காகித உருளைகள் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1909இல் வந்த ஏற்பாடு இது. முதல் பதிவுக்கு மட்டும் எழுதியவரே சம்மதிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சரி, உங்கள் கடிதத்தின் முள் இருக்கிற இடத்துக்கு வருகிறேன். ‘சொந்தமாக எழுத வராதவர்கள்’ என்கிறீர்கள். தானே எழுதித் தானே பாடுகிறவன்தான் உண்மையான பாடகன் என்ற எண்ணம் ராக் ரசிகர்களிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. அது பாப் டிலனும் பீட்டில்ஸும் பெரிதான பிறகு ஊன்றிப்போன எண்ணம். அதே பீட்டில்ஸின் முதல் இரண்டு எல்பிக்களில் தலா பதினான்கு பாட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு பாட்டு பிறர் எழுதியவை. ரோலிங் ஸ்டோன்ஸ் 1964இல் இங்கிலாந்தில் போட்ட முதல் எல்பியில் ஜாகர், ரிச்சர்ட்ஸ் இருவர் பெயரையும் போட்டு வந்த பாட்டு ஒன்றே ஒன்று.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இந்த அளவுகோல் கிடையாது. அங்கே பாட்டு எழுதுவது ஒரு தொழில், பாடுவது இன்னொரு தொழில். இசை நிறுவனங்கள் நிறைந்த மியூசிக் ரோ பகுதியின் அறைகளில் காலையில் உட்கார்ந்து இரண்டு மூன்று பேர் எழுதுவார்கள். அதைக் குத்துமதிப்பாகப் பதிவுசெய்து பாடகர்களுக்கு அனுப்புவார்கள். பாடகருக்கு வைக்கிற பரீட்சை ஒன்றுதான்: இது உனக்கே நடந்தது என்று கேட்கிறவன் நம்புகிறானா? நம்பிவிட்டால் பாட்டு உன்னுடையது. யார் எழுதினார்கள் என்பது ராயல்டி காசோலைக்கு மட்டும் வேண்டிய தகவல். ராக் பாட்டை எடுக்கும்போதும் நல்ல கன்ட்ரி பாடகர் இந்தப் பரீட்சையைத்தான் எழுதுகிறார். நீங்கள் விதிவிலக்கு என்று தனியே எடுத்துவைத்த ‘ஹர்ட்’டில் நடந்ததும் இதுதான்.

அப்புறம், ராக் பாட்டு கன்ட்ரிக்கு வெளியாளும் இல்லை. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் ஆர்தர் க்ரூடப்பின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கம் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’. அது, கன்ட்ரியின் ஒரு கிளையான ப்ளூகிராஸின் தந்தை பில் மன்ரோ, மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் வால்ட்ஸாகப் பாடியது. எல்விஸ் அதை நாலு தட்டுத் தாளத்துக்கு மாற்றிக் குதிக்க விட்டார். மன்ரோ கோபித்துக்கொள்ளவில்லை. அதே வருடம் தன் பாட்டைத் திரும்பப் பதிவுசெய்தார்: முதலில் பழைய வால்ட்ஸ், பிறகு எல்விஸின் வேகம். அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியின் ‘மேபலின்’ வருகிறது. அதற்கு அடிப்படை, டெக்சாஸின் பாப் வில்ஸ் 1938இல் பதிவுசெய்த ‘ஐடா ரெட்’ என்ற ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) பாட்டு. ஒருவர் முற்றத்திலிருந்து இன்னொருவர் முற்றத்துக்குப் பாட்டு போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது. 1960களின் கடைசியில் அது திரும்பி வரும்போதுதான் ‘கன்ட்ரி ராக்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் போக்குவரத்தை முழுதாகப் பார்க்க ஒரு பாட்டு போதும். ‘வைல்ட் ஹார்ஸஸ்’.

1969 டிசம்பர் தொடக்கத்தில் ஸ்டோன்ஸ் குழு அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில் மூன்று நாள் இருந்தது. அங்கே பதிவான மூன்று பாடல்களில் ஒன்று இது. உங்களிடம் நல்ல ஹெட்போன் இருந்தால் ஆரம்பத்தை மட்டும் நாலைந்து முறை கேளுங்கள். மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கிட்டார் மினுங்குகிறதே, அது மிக் டெய்லர். சாதாரணக் கிட்டாரில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நாலு கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பிகளைப் போட்டிருக்கிறார். இந்தச் சுருதி முறைக்குப் பெயரே ‘நாஷ்வில் ட்யூனிங்’. பியானோவிலும் ஒரு கதை இருக்கிறது. ஸ்டோன்ஸுக்கு வழக்கமாக வாசிக்கும் இயன் ஸ்டூவர்ட், சோகம் தொனிக்கும் மைனர் கார்டுகளை வாசிக்க மாட்டார். இந்தப் பாட்டின் வரிகளோ மைனர் கார்டிலேயே ஆரம்பிக்கின்றன. அவர் ஒதுங்கிக்கொள்ள, அங்கே இருந்த மெம்ஃபிஸ்காரர் ஜிம் டிக்கின்சன் உட்கார்ந்து வாசித்தார். ஆக, லண்டன் குழு ஒன்று அமெரிக்கத் தெற்கின் ஸ்டுடியோவில், தெற்கத்திப் பியானோக்காரரோடு, நாஷ்வில் பெயர் கொண்ட சுருதியில் வாசித்த பாட்டு இது. ராக் பாட்டு என்று இதை எந்தக் கோடு போட்டுப் பிரிப்பது?

இப்போது கிராம் பார்சன்ஸ். பேர்ட்ஸ் என்ற ராக் குழுவைக் கன்ட்ரி பக்கம் திருப்பி, 1968இல் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ’ ஆல்பம் வருவதற்குக் காரணமானவர். பிறகு கிறிஸ் ஹில்மனோடு ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸைத் தொடங்கியவர். கீத் ரிச்சர்ட்ஸின் நெருங்கிய நண்பர். இருவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கன்ட்ரி பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸ், மெர்ல் ஹேகார்ட் பாடல்களைப் பாடிக்கொண்டிருப்பார்கள். கன்ட்ரியின் நெளிவுசுளிவுகளைக் கிராமிடம்தான் கற்றேன் என்று கீத் எழுதியிருக்கிறார். அந்த நட்பில் ‘வைல்ட் ஹார்ஸஸ்’ கிராமின் கைக்கு வந்தது. புரிட்டோ பிரதர்ஸின் ‘புரிட்டோ டீலக்ஸ்’ 1970 ஏப்ரலில் வெளியானது, அதில் இந்தப் பாட்டு இருக்கிறது. ஸ்டோன்ஸின் சொந்தப் பதிவு ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தில் வந்தது 1971 ஏப்ரலில். ஒரு வருடம் கழித்து! முன்பு ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்தச் சட்டம் இங்கேதான் வருகிறது. பாட்டு இன்னும் வெளிவராததால் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மனமுவந்து கொடுத்தால் ஒழிய கிராம் அதைத் தொட்டிருக்க முடியாது. அவர்கள் கொடுத்தார்கள். 1970இல் கடையில் ஆல்பம் வாங்கியவனுக்கு ‘வைல்ட் ஹார்ஸஸ்’ கிராமின் பாட்டுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி நானும் கேட்டேன். ஜாகர் நன்றாகத்தான் பாடியிருக்கிறார். வழக்கமான சேட்டை இல்லாமல், குரலைத் தாழ்த்தி, விட்டுப்போகிறவளிடம் பேசுகிறார். கிராமின் பதிவில் லியான் ரஸ்ஸலின் பியானோ முன்னால் வந்து நிற்கிறது. கிராமுக்கு ஜாகர் அளவுக்குக் குரல் கிடையாது. மெலிந்த குரல், மேலே ஏறும்போது நூல் மாதிரி இழுபட்டு அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பாட்டு ஆரம்பிப்பதே குழந்தைப் பருவத்தைச் சொல்லித்தான். ஜாகர் அந்தச் சொல்லைக் கடந்து போய்விடுகிறார். கிராமுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா தற்கொலை செய்துகொண்டார். பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில் அம்மா குடியால் இறந்தார். அந்தக் குரலில் அந்த முதல் சொல் வரும்போது, அதைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஆகிறது. இந்த வாழ்க்கைக் கதை தெரியாமல் முதன்முதலில் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது. இருபத்தாறு வயதில், 1973இல், கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் கிராம் இறந்துபோனார். வேகமும் திமிரும் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும் எஸ்., இந்தப் பாட்டுக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

ரான்ஸ்டாட்டுக்கு வருகிறேன். அவர் விஷயத்தில் என்னால் நிதானமாகப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்ஸின் ‘டம்ப்ளிங் டைஸ்’ 1972இல் வந்தது. எனக்கு உயிரான பாட்டு. ஆனால் மிக்ஸிங்கில் ஜாகரின் குரல் கிட்டார்களுக்கும் பின்னணிப் பாடகிகளுக்கும் அடியில் புதைந்து கிடக்கும். என்ன பாடுகிறார் என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் புரியவில்லை என்பது பிறகு தெரிந்தது. ரான்ஸ்டாட்டின் குழு மேடை ஒத்திகைகளில் இந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்ததாம், வார்த்தைகள்தான் யாருக்கும் தெரியாது. ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்த ஜாகர், நீ இன்னும் நிறைய ராக் பாட்டு பாட வேண்டும் என்றாராம். அப்படியானால் இந்தப் பாட்டின் வரிகளை எழுதிக்கொடு என்று ரான்ஸ்டாட் கேட்டிருக்கிறார். ஜாகர் எழுதிக்கொடுத்தார். ரான்ஸ்டாட்டே சொன்ன கதை இது.

1977இல் ‘சிம்பிள் ட்ரீம்ஸ்’ வந்தபோது அந்த வரிகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன. அதோடு, தொடக்க வரிகளையும் மாற்றியிருந்தார். மூலத்தில், தன்னைப் பெண்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் ஓர் ஆணின் பெருமை இருக்கும். ரான்ஸ்டாட்டின் வரிகளில் பேசுகிறவள், ஆண்கள் தன்மேல் பாய்வதையும் தன்னைப் பைத்தியம் என்று சொல்வதையும் நேருக்கு நேராகச் சொல்கிறாள். ஒரே மெட்டு, அதே சூதாட்டப் பேச்சு. ஆனால் இப்போது எதிலும் தங்காமல் போகிறவள் ஒரு பெண், போவதற்கு அவளுக்குக் காரணம் இருக்கிறது. திமிர் எங்கே என்று கேட்டீர்களே, இதைவிட என்ன திமிர் வேண்டும்? ‘பிறர் எழுதியதைப் பாடினார்’ என்பதற்கு என் பதில் இந்தப் பாட்டுதான்.

உங்கள் எரிச்சல் கன்ட்ரி ரசிகர்களுக்கும் மறுபக்கத்திலிருந்து வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ், 1965 மார்ச்சில் பத்திரிகையில் ஒரு உறுதிமொழியே வெளியிட்டார்: கன்ட்ரி அல்லாத பாட்டைப் பாட மாட்டேன், கன்ட்ரி அல்லாத ரெக்கார்ட் போட மாட்டேன் என்று. அதே வருடம் வந்த அவர் ஆல்பத்தில் சக் பெர்ரியின் ‘மெம்ஃபிஸ்’ இருந்தது. வாக்குத் தவறிவிட்டார் என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் பக் பக்கம்தான். அவர் டெலிகாஸ்டர் கிட்டாரோடு அதைப் பாடும்போது அது கன்ட்ரி பாட்டு, சந்தேகமே வராது. 1969இல் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’டையும் லண்டன் மேடையில் பாடினார். அந்தப் பதிவு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பக் ஓவன்ஸை முதன்முதலாக முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘ஆக்ட் நேச்சுரலி’யை 1965இல் ரிங்கோ ஸ்டாரை வைத்துப் பாடியது உங்கள் பீட்டில்ஸ்!

கேஷைப் பற்றி ஒன்று. ‘ஹர்ட்’ எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2000இல், ராக் பாடகர் டாம் பெட்டியின் ‘ஐ வோன்ட் பேக் டவுன்’ பாட்டை அவர் பாடியிருக்கிறார். மூலம் 1989இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் யாரோ பெட்டியின் வீட்டைக் கொளுத்தியிருந்தார்கள்; குடும்பம் தப்பியது. பின்வாங்க மாட்டேன் என்று அவர் பாடியதில் அந்தச் சூடு இருந்தது. (அதைப் பதிவுசெய்த அன்று பெட்டிக்குக் கடுமையான சளி. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் போய் இஞ்சி வாங்கிவந்து, கொதிக்கவைத்து, அவரை ஆவி பிடிக்கவைத்தாராம். இஞ்சியை நம்புகிற ராக்காரர் என்று ஹாரிசன்மேல் எனக்குக் கூடுதல் பிரியம்.) கேஷ் பாடும்போது நரம்பு நோயாலும் நிமோனியாவாலும் நொந்துபோயிருந்தார். குரல் நடுங்குகிறது, வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது. பெட்டியே பக்கத்தில் நின்று சேர்ந்து பாடுகிறார். பின்வாங்க மாட்டேன் என்ற அதே சொற்களை முப்பதுகளில் இருக்கிறவன் சொல்வதும், எழுந்து நிற்கவே சிரமப்படுகிற கிழவர் சொல்வதும் ஒன்றாக ஒலிக்குமா?

பிறர் பாட்டை எடுத்துப் பாடுகிற எல்லா கவரும் இப்படி வாய்ப்பதில்லை. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 2023இல் ‘ராக்ஸ்டார்’ என்று முப்பது பாடல்கள் போட்டார். ‘லெட் இட் பீ’யைப் பால் மெக்கார்ட்னியும் ரிங்கோவும் கூட நிற்கவே பாடினார். எனக்கு டாலிமேல் அளவுகடந்த மரியாதை, ஆனால் அந்த ஆல்பம் எனக்கு ஒட்டவில்லை. மூலத்தைப் பாடியவர்களையே கூட்டிவந்து மூலம் மாதிரியே வாசித்தால், டாலி நம்மிடம் சொல்ல வந்த செய்தி எங்கே கேட்கும்? அதற்கு இருபத்தோரு வருடம் முன்பு, 2002இல், ப்ளூகிராஸ் வாத்தியங்களோடு அவர் பாடிய ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ இதைவிட எவ்வளவோ மேல். செப்பலின் பிரியரான உங்களுக்கு அது கோபமூட்டலாம், எதற்கும் ஒருமுறை கேளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்கள். நான் மேலே சொன்ன எதிலிருந்தும் வேண்டாம். பீட்டில்ஸ் 1964இல் பாடிய ‘ஐ டோன்ட் வான்ட் டு ஸ்பாய்ல் த பார்ட்டி’ உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். விருந்தில் ஒருவன் அவளுக்காகக் காத்திருக்கிறான், அவள் வரவில்லை. மற்றவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்காமல் நழுவிவிடலாம் என்று பார்க்கிறான். ஜானி கேஷின் மகள் ரோசான் கேஷ், சிறுவயதிலிருந்தே பீட்டில்ஸ் பைத்தியம், இதைப் பாடினார். 1989இல் கன்ட்ரி பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. அவருடைய பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் கடைசித் தடவை. முதலில் பீட்டில்ஸ் பதிவைப் போடுங்கள். உடனே ரோசானைப் போடுங்கள். அழுகிற கிட்டாரைத் தேட வேண்டாம், கதவுப் பக்கம் நகர்கிறவளின் குரலை மட்டும் பின்தொடருங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், பிடிக்காவிட்டாலும்.

அன்புடன்.